கதவைச் சாத்திக்கொண்டு சொன்ன இரண்டு பெயர்கள்

1

அறைக்குள் அம்மா இருந்தாள். எதிரே முக்காலியின் மேல் ஒரு ஸ்டாண்டில் சுமதியின் போன் நின்றது. போனுக்குள் வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண், எந்த ஊர்க்காரியோ தெரியாது. அவ்வளவு பேர்தான். சுமதி என் சித்தப்பா மகள். அவளை அம்மா வாசலுக்கு அனுப்பிவிட்டாள். அப்பா இல்லை, அவர் போய் இரண்டு வருஷமாகிறது. நானும் இல்லை. அந்த நேரத்தில் சிங்கப்பூரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் லிப்டுக்கு அடியில் இருக்கும் குழிக்குள் இறங்கி, கசிந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் குழிக்குள் சிக்னல் கிடைக்காது.

பதினோரு நிமிஷம் கழித்து அம்மா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, நேராகக் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினாளாம்.

மறுநாள் வேலைக்குப் போகிற ரயிலில் நின்றுகொண்டிருந்தபோது சுமதி ஒரு படம் அனுப்பினாள். அம்மாவின் பெயரில் சேமிப்புக் கணக்கு தொடங்கப்பட்டுவிட்டதாக வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தி. எல்லோருக்கும் அனுப்புகிற அதே நாலு வரி. இந்த நாலு வரிக்கு மூன்று மாதமும் மூன்று வாரமும் ஆயிற்று.

அந்தப் பதினோரு நிமிஷத்தில் அம்மா இரண்டு பெயர்களைத் தன் வாயால் சொல்லியிருக்கிறாள். ஒன்று அப்பாவுடையது. இன்னொன்று என்னுடையது. இரண்டையும் அதற்கு முன் ஒரு தடவைகூட அவள் சொன்னதில்லை. நான் அதைக் கேட்கவில்லை. பத்து நாளாக லிப்டுக் குழிக்குள் இறங்கும்போதெல்லாம் இதுதான் ஞாபகம் வருகிறது. எழுதிவிட்டால் கொஞ்சம் அடங்கும் என்று எழுதுகிறேன்.

2

எங்கள் ஊர் திருமயத்திலிருந்து உள்ளே ஆறு கிலோமீட்டர். எங்கள் பக்கத்தில் தலைச்சன் ஆணுக்கு அப்பாவைப் பெற்றவரின் பெயரை வைப்பார்கள். என் தாத்தா கருப்பையா, அதனால் நான் கருப்பையா. அப்பா ரெங்கசாமி. புருஷன் பெயரைப் பொம்பளைகள் சொல்லமாட்டார்கள் என்பது இதைப் படிக்கிற பலருக்கும் தெரிந்ததுதான். மாமனார் பெயரையும் சொல்லக்கூடாது. மாமனார் பெயரைப் பெற்ற பிள்ளைக்கு வைத்துவிட்டால், அந்தப் பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. அம்மா என்னை 'ஐயா' என்பாள். கோபம் வந்தால் 'ஏய் பெரிய மனுசா'. தூரத்தில் கண்மாய்க்கரையில் விளையாடிக்கொண்டிருந்தால், பக்கத்து வீட்டுப் பிள்ளை எதையாவது அனுப்பிக் கூப்பிடச் சொல்வாள்.

என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது அவள்தான். அன்றைக்கு அப்பா கல் உடைக்கிற வேலைக்குப் போயிருந்தார். எங்கள் வீட்டில் அதற்கு முன் யாரும் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. தலைமை ஆசிரியர் பிள்ளை பேர் என்ன என்று கேட்டிருக்கிறார். எங்க மாமனார் பேருதானுங்க என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அவரும் சரி என்று எழுதிக்கொண்டார். மாமனார் யார், அவர் பேர் என்ன என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பிறந்த தேதிதான் அம்மாவுக்குத் தெரியவில்லை. அதையும் அவரே ஜூன் மாதத்தில் ஒரு நாளாகப் பார்த்துப் போட்டுவிட்டார். எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு ஜூனில்தான் பிறந்தநாள்.

அந்தச் சான்றிதழ்தான் பாலிடெக்னிக், பாஸ்போர்ட் என்று ஏறி என்னை இங்கே கொண்டுவந்து சேர்த்தது. வந்த புதிதில் சம்பளக் கணக்கு தொடங்க இங்குள்ள ஒரு வங்கிக்குப் போனேன். பாஸ்போர்ட்டில் இருந்த இரண்டு பெயரையும் காட்டி, இதில் எது உன் பெயர் என்று அங்கிருந்த பெண் கேட்டாள். முன்னால் இருப்பது நான், பின்னால் இருப்பது அப்பா என்று சொல்ல நினைத்தேன். என் ஆங்கிலத்தில் அது, என் அப்பா எனக்குப் பின்னால் நிற்கிறார் என்று வந்துவிட்டது. அவள் எட்டி என் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள். அங்கே ஒரு சீனத்துப் பெரியவர் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்துத் தலையசைத்துச் சிரித்தாள். ராத்திரி அப்பாவிடம் போனில் இதைச் சொன்னபோது ரொம்ப நேரம் சிரித்தார். ஒனக்குச் சீனாக்காரன் அப்பனா வேணுமாக்கும் என்று கேட்டார்.

எப்படியோ அட்டையில் கடைசியில் வருகிற பெயர்தான் என் பெயராகிவிட்டது. வங்கியில், வேலையில், பார்சல் கொண்டுவருகிறவரிடத்தில், எல்லோருக்கும் நான் மிஸ்டர் ரெங்கசாமி. ஒரு நாளைக்கு இருபது தடவை யாராவது என்னை அப்பா பெயரால் கூப்பிடுகிறார்கள்.

3

அம்மாவுக்கு எதற்குக் கணக்கு என்பதைச் சொல்லவேண்டும்.

நூறு நாள் வேலைச் சம்பளத்துக்கென்று ஒரு கணக்கு இருந்தது. அப்பாவும் அம்மாவும் சேர்ந்தது. அதில் அப்பாதான் முதல் ஆள். போன் நம்பரும் அவருடையதுதான். அவர் போனதும் அது அப்படியே நின்றுபோனது. அந்த நேரத்தில் யாருக்கும் அதைப் பற்றி யோசிக்கத் தோன்றவில்லை. அனுப்புகிற பணத்தைப் பெரியப்பா மகனின் கணக்குக்கு அனுப்பினேன். பெரியப்பா வீடு அடுத்த தெரு. அம்மா போய் வாங்கிக்கொள்வாள். எனக்கு இது நல்ல ஏற்பாடாகத் தெரிந்தது, ஒன்றே முக்கால் வருஷம்.

போன தையில் ஒரு நாள் அம்மா போனில், இனிமேல் அங்கிட்டுப் பணம் அனுப்பாதே என்றாள். ஏன் என்று கேட்டேன். எனக்கு எதுக்குயா பணம், வேர்க்கடலை பறிக்கப் போறேன், கூலி வருது என்றாள். பிறகு சுமதிதான் விவரம் சொன்னாள். அம்மா போனால் பெரியப்பா வீட்டில் உட்கார வைப்பார்களாம். அண்ணன் வரட்டும், ஏடிஎம்முக்குப் போகட்டும் என்று ரெண்டு மணி நேரம், மூணு மணி நேரம். அம்மா சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் அவர்கள் வீட்டுப் பாத்திரத்தைத் துலக்கிக் கொடுத்துவிட்டு வருவாளாம். கடைசியாகப் போனபோது பெரியம்மா கேட்டிருக்கிறாள், நாலு பேர் இருக்கும்போது.

"போன வாரந்தானே வாங்கிட்டுப் போன மீனா. ஒத்த ஆளு, அப்படி என்னதான் செலவு பண்ணுவ?"

அது என் சம்பளம். நான் என் அம்மாவுக்கு அனுப்பியது. அதை அவள் கைநீட்டி வாங்கி, பிறகு கணக்கும் சொல்லவேண்டியிருந்தது. அம்மா அன்றைக்குப் பணத்தை வாங்காமலே வந்துவிட்டாள். இனி அந்த வாசலில் போய் நிற்கமாட்டேன் என்று சுமதியிடம் சொன்னாளாம். அவள் சொன்னால் சொன்னதுதான். அதிலிருந்து கணக்கு தொடங்கும்வரை என் பணம் அவளுக்குப் போகவில்லை. சுமதி கணக்குக்கு அனுப்புகிறேன் என்றேன். நாளைக்குச் சுமதி கட்டிப் போகிற வீட்டுல அதுக்கு ஒரு பேச்சு வரும், வேணாம் என்று அம்மா மறுத்துவிட்டாள். ஐம்பத்தாறு வயசில் வெயிலில் குனிந்து கடலை பறித்தாள். நான் இங்கே மாதம் பிறந்தால் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தேன்.

4

முதலில் திருமயத்தில் ஒரு வங்கிக் கிளைக்குப் போனார்கள். சுமதி புதுக்கோட்டையில் ஜவுளிக்கடையில் நிற்கிறாள். அரை நாள் அனுமதி கேட்டு வந்தாள். முதல் நாள் சர்வர் வேலை செய்யவில்லை. இரண்டாம் முறை பான் கார்டு வேண்டும் என்றார்கள். அது வர மூன்று வாரம். மூன்றாம் முறை கைரேகை.

கைரேகைக் கருவியில் அம்மா ஒவ்வொரு விரலாக வைத்தாள். சிவப்பு விளக்குதான் எரிந்தது. துடைச்சுட்டு வைங்க என்றார்கள். சேலையில் துடைத்துவிட்டு வைத்தாள். பத்து விரலும் ஆனது. கவுன்டரில் இருந்தவர் கெட்ட மனுஷர் இல்லை என்றுதான் சுமதி சொல்கிறாள், ஆனால் குரல் பெரிசு. இந்தம்மா கையில ரேகையே இல்லையே என்று அவர் சொன்னதும் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்திருக்கிறார்கள். அம்மா கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாளாம். கல்லும் மண்ணும் கடலைக்கொடியும் தேய்த்த கை. ஆதாரில் ரேகையைப் புதுப்பித்துக்கொண்டு வரச் சொன்னார்கள். புதுப்பிக்கிற இடத்திலும் அதே சிவப்பு விளக்கு.

நாலாம் முறை போனபோது அந்தப் பெரிய குரல்காரரே ஒரு வழி சொன்னார். வேறு ஒரு வங்கியின் பெயரைச் சொல்லி, அதில் ரேகை வேண்டாம், போனிலேயே வீடியோவில் பேசிக் கணக்கு தொடங்கலாம், வீட்டில் உட்கார்ந்தபடி முடித்துவிடலாம் என்றார். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. இங்கிருந்தே படிவத்தை எல்லாம் நிரப்பினேன். அம்மாவுக்குப் பின் பணம் யாருக்கு என்கிற இடத்தில் வாரிசாக என் பெயரைப் போட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. ஆனால் வேறு யார் பெயரைப் போடுவது?

அந்த வீடியோவுக்கு ஒரு விதி உண்டு. கேட்கிற கேள்விக்குக் கணக்கு தொடங்குகிறவரே வாய் திறந்து பதில் சொல்லவேண்டும். பக்கத்தில் யாரும் எடுத்துக் கொடுக்கக்கூடாது. யோசித்துப் பார்த்தால் நியாயமான விதி. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பெயரில் வேறு யாரோ கணக்கு வைத்துக்கொண்டு ஏமாற்றுகிற காலம். அம்மா மாதிரி ஆட்களைக் காப்பாற்றத்தான் அதை வைத்திருக்கிறார்கள்.

முதல் அழைப்பு நன்றாகத்தான் ஆரம்பித்தது. கண்ணை மூடித் திறக்கச் சொன்னார்கள், திறந்தாள். திரையில் வந்த நாலு எண்ணை வாசிக்கச் சொன்னார்கள். பஸ் நம்பர் பார்த்துப் பழகியவள், வாசித்தாள். உங்க கணவர் பேர் சொல்லுங்கம்மா என்றதும் அம்மா வழக்கம்போலப் பக்கத்தில் திரும்பி, ஏத்தா, சொல்லு என்றாள். சுமதியும் சொன்னாள். அழைப்பு துண்டாயிற்று. அருகில் மூன்றாம் நபர் இருந்ததாகக் காரணம் வந்தது.

இரண்டாம் அழைப்பை சுமதி ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறாள். அதை அவள் எனக்கு நடித்தே காட்டினாள்.

"கணவர் பேர் சொல்லுங்கம்மா."

"அட்டையில இருக்குமே தாயி."

"நீங்கதான்மா சொல்லணும்."

"பெருமாள் பேருதான்."

"பெருமாளா?"

"பெருமாள் இல்லத்தா. ஸ்ரீரங்கத்துல படுத்திருக்காருல்ல, அவுரு பேரு."

 அந்தப் பெண், சரிம்மா, வாரிசு பேர் என்ன, உங்க மகன் பேர் சொல்லுங்க என்று அடுத்ததுக்குப் போனாள். அம்மா முகம் தெளிந்து, அது எங்க மாமனாரு பேரு என்றாள். மாமனார் பேர் என்னம்மா? என் மகன் பேருதான். இப்படி ரெண்டு சுற்று. விவரங்கள் பொருந்தவில்லை என்று வந்தது.

மூன்றாம் அழைப்பில் வந்தவர் ஆண். அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நாலு நிமிஷம் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். வாடிக்கையாளர் பதிலளிக்கவில்லை என்று காரணம் வந்தது. மூன்று தடவைக்கு மேல் உடனே முடியாது, இனி முப்பது நாள் கழித்துத்தான் என்றும் சேர்த்து வந்தது.

5

எங்களுக்கு ஒரே மகள், யாழினி, ஐந்து வயசு. இங்கேதான் பிறந்தாள். மழலையர் பள்ளியில் அம்மா பேர் என்ன, அப்பா பேர் என்ன என்று கேட்டுக் கேட்டுப் பழக்கியிருக்கிறார்கள், தொலைந்துபோனால் சொல்லத் தெரியவேண்டுமாம். பார்சல்காரர் கதவைத் தட்டிக் கேட்கிற அதே ராகத்தில் என்னை மிஸ்டர் ரெங்கசாமி என்று கூப்பிட்டுவிட்டு ஓடுவாள். என் மனைவி கவிதா அறந்தாங்கிக்காரி. வீட்டில் என்னை 'ஏங்க' என்றாலும், கிளினிக்கில் போனை எடுத்தால் என் பெயரைக் கடகடவென்று எழுத்துக்கூட்டிச் சொல்வாள். யாரும் இதில் எதுவும் நினைப்பதில்லை.

யாழினிக்குத் தமிழ் புரியும், பேச்சு வராது. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அப்பத்தாவோடு பேசச் சொன்னால் ஒரு வார்த்தை தமிழ், மூன்று வார்த்தை இங்கிலீஷ். அம்மா எல்லாவற்றுக்கும் சரித்தா, சரித்தா என்பாள். ஒரு நாள் யாழினி, அப்பத்தா, உன் பேர் மீனாளா என்று கேட்டாள். அம்மா வெட்கப்பட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அப்பா அவளை 'இந்தா' என்பார், அவ்வளவுதான்.

முப்பது நாள் காத்திருக்கிற காலத்தில் ஒரு ஞாயிறு, அம்மா கேட்டாள்: "ஒன் மகளைப் பேசச் சொல்லேன்யா அந்தப் பேங்க்குக்காரவுககிட்ட. அது ஒங்க அப்பா பேரை அவ்வளவு அழகாச் சொல்லுதே."

விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு அன்றைக்கு விளையாட்டு பிடிக்கவில்லை. ராத்திரி வேலை முடிந்து மூன்று மணி நேரம்தான் தூங்கியிருந்தேன். அதற்கு முந்தின நாள்தான் அம்மா வெயிலில் மயங்கி வரப்பில் உட்கார்ந்துவிட்டாள் என்று சுமதி சொல்லியிருந்தாள். ஒரே ஒரு தடவை சொல்லிவிடேன்மா என்று கெஞ்சினேன். அது எப்படிய்யா என்றாள். சொன்னால் என்ன ஆகும் என்று கேட்டேன். பேர் சொன்னா அவுகளுக்கு ஆயுசு கொறையும்னு சொல்லுவாக என்றாள்.

"அப்பாதான் இல்லையேம்மா. இனிமே யாருக்கு ஆயுசு கொறையப்போகுது?"

சொல்லி முடிக்கும்போதே தெரிந்துவிட்டது. அம்மாவின் முகம் திரையில் அப்படியே இருந்தது. நெட்வொர்க் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன்; ஆனால் அவளுக்குப் பின்னால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு போனை எங்கே அழுத்தி அணைப்பது என்று தேடி அணைத்தாள்.

நாலு நாள் என் அழைப்பை அவள் எடுக்கவில்லை.

எங்கள் வீட்டில் படித்தவன் நான் ஒருவன். படிவம், விதி, காரணம் எல்லாம் எனக்குத்தான் தெரியும் என்று எல்லோரும் என்னிடம் கேட்பார்கள். அப்பா இறந்த அன்று எனக்கு டிக்கெட் கிடைத்துப் போய்ச் சேர ஒரு நாளும் ஒரு ராத்திரியும் ஆயிற்று. அதுவரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். காரியம் முடிந்து பத்தாம் நாள் திரும்பிவிட்டேன். அதன் பிறகு அவர் இல்லாத வீட்டில் இருந்தது அம்மா. நான் இருந்தது, எல்லோரும் அவர் பெயரால் என்னைக் கூப்பிடுகிற ஊரில். யாருக்கு அவர் இல்லை, யாருக்கு இன்னும் கொஞ்சம் இருக்கிறார் என்பது எனக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

ஐந்தாம் நாள் கவிதா கூப்பிட்டபோது அம்மா எடுத்தாள். மாமியாரும் மருமகளும் பேசட்டும் என்று நான் சமையலறைப் பக்கம் போய் நின்றேன். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எனக்குக் கேட்டது. அம்மா மெதுவாகத்தான் பேசினாள்.

"ஆயுசுக்காக இல்லத்தா. அவுக இருந்தவரைக்கும் நான் சொல்லல. இப்ப சொன்னேன்னா, செத்துட்டாகன்னு நானே என் வாயால சொன்ன மாதிரி ஆயிரும்ல."

 கவிதா போனை என்னிடம் நீட்டினாள். நான், சாப்பிட்டியாம்மா என்று மட்டும் கேட்டேன். சாப்பிட்டேன் ஐயா என்றாள்.

அன்றோடு அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டேன். அடுத்த வருஷ விடுமுறையில் நானே போய் நேரில் ஏதாவது செய்துகொள்ளலாம் என்று முடிவு செய்தேன். அதுவரை கொஞ்சம் பணத்தை ஊருக்குப் போகிறவர்கள் கையில் கொடுத்தனுப்பலாம் என்று ஆள் தேடினேன். மணமேல்குடிக்காரர் ஒருவர் அடுத்த மாதம் போவதாகச் சொன்னார்.

6

முப்பது நாள் முடிந்த வாரத்தில் அம்மா சுமதியிடம், கண்ணாடி மாதிரி போனை நிக்க வைக்கிற சாமான் கடையில் விற்குமா என்று கேட்டிருக்கிறாள். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கம் கிடைக்கும் என்று சுமதி சொன்னாள். வாங்கிட்டு வா என்றாள். சுமதிக்கு எதற்கென்று புரியவில்லை. என்னிடம் யாரும் சொல்லவும் இல்லை.

வியாழக்கிழமை. சுமதியைக் கடையில் விடுப்பு கேட்கச் சொன்னாள். காலையிலேயே குளித்து, அப்பா கடைசியாக எடுத்துக்கொடுத்த அரக்குச் சேலையைக் கட்டியிருந்தாளாம். சுமதி அழைப்பைப் போட்டுக் கொடுத்ததும், போனை ஸ்டாண்டில் வைக்கச் சொல்லிவிட்டு, வெளியே இரு என்றாள். ஜன்னல்கிட்டயும் நிக்கக்கூடாது, வேப்பமரத்துப் பக்கம் போயிரு என்றாள். ஜன்னலைச் சாத்தினாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்ட சத்தம் கேட்டது.

சுமதி வேப்பமரத்தடிக்குப் போய்விட்டாள். நானாக இருந்தால் ஜன்னலில் காதை வைத்திருப்பேன். ஒரு வார்த்தைகூடக் காதில் விழலையா என்று அவளிடம் பல தடவை கேட்டுவிட்டேன். பக்கத்து வீட்டில் மாவு மில் ஓடுச்சுண்ணே என்கிறாள்.

கணக்கு வந்த அன்று சாயங்காலம் அம்மாவைக் கூப்பிட்டேன். எப்படிம்மா என்றேன். கேட்டாங்க, சொன்னேன் என்றாள். நான் விடாமல், எப்படி இருந்துச்சு என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்.

"அந்தப் புள்ள என்னையப் பாக்கவே இல்லய்யா. கீழ எதையோ பாத்துத் தட்டிக்கிட்டே இருந்துச்சு. அதான் சொல்ல முடிஞ்சுது."

என் பேரையுமா என்று கேட்டேன். ஆமா, அதையுந்தான் கேட்டுச்சு என்றாள்.  அவள் கடலைக்கொடி காய்ந்துவிட்டதைப் பற்றியும், பெரியப்பாவுக்கு முழங்கால் வலி என்பதைப் பற்றியும் பேசினாள். பெரியப்பாவைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாளாம், ஆப்பிள் வாங்கிக்கொண்டு. இப்போது அந்த வீட்டுக்குப் போவதில் அவளுக்குக் கஷ்டமில்லை.

7

அந்த அழைப்பை வங்கியில் பதிவு செய்து வைப்பார்கள். படிவத்திலேயே அப்படிப் போட்டிருந்தது. அதாவது அம்மா என் அப்பாவின் பெயரையும் என் பெயரையும் சொல்கிற குரல் எங்கேயோ ஒரு கட்டடத்தில், குளிரூட்டிய அறையில், ஒரு பெட்டிக்குள் இருக்கிறது.

மூன்று நாள் யோசித்தேன். அம்மாவுக்குத் தெரியாமல் இதைக் கேட்பது சரியா என்று தெரியவில்லை. தப்புதான் என்று இப்போது படுகிறது. ஆனாலும் மதிய இடைவேளையில் வங்கியின் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டேன். இருபது நிமிஷம் வீணை வாசித்தார்கள். பிறகு ஒரு பையன் எடுத்தான். விவரம் சொன்னேன். முழுக்கதையும் சொல்லவில்லை, அம்மா பேசிய பதிவு ஒரு பிரதி கிடைக்குமா என்று மட்டும் கேட்டேன்.

அந்தப் பதிவை வெளியே தரமாட்டோம் என்றான். கணக்குக்காரரே கேட்டாலும் தரமாட்டீர்களா என்றேன். அதற்கு விதியில்லை சார் என்றான். ஏதாவது புகாரா, பணம் ஏதும் போயிடுச்சா என்று அக்கறையாக விசாரித்தான். அதெல்லாம் இல்லை, அது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் என்றேன். அவனுக்கு என்ன தோன்றியதோ.

"கவலைப்படாதீங்க சார். அது எங்ககிட்ட பத்திரமா இருக்கும்."

நன்றி சொல்லி வைத்தேன். இடைவேளை முடிந்திருந்தது. அடுத்த கட்டடத்துக்குப் போகவேண்டியிருந்தது. சைனாக்கார மேற்பார்வையாளர், ரெங்கசாமி, ரெங்கசாமி என்று வண்டியிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. முதல் பணத்தை அனுப்பி ஒரு வாரமாகிவிட்டது. அம்மா தானே ஏடிஎம்மில் அட்டையைப் போட்டு எடுத்திருக்கிறாள், சுமதி பக்கத்தில் நின்றாள். இதுவரை கணக்கு தொடங்க எவ்வளவு செலவாச்சும்மா, அதைச் சேர்த்து அனுப்புகிறேன் என்றேன். வேணாம்யா என்றாள். நான் விடவில்லை. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாதே தவிர, எல்லாம் மனசில் இருக்கும். விரலை மடக்கிச் சொன்னாள், நான் இங்கே காகிதத்தில் எழுதினேன்.

திருமயத்துக்கு நாலு தடவை போய் வந்த பஸ்ஸு, போட்டோ, ஜெராக்ஸ் எல்லாமா நானூத்திப் பத்து. பான் கார்டு இருநூத்தம்பது. ஆதார் போட்ட எடத்துல நூறு. சுமதிக்குக் கடையில் பிடித்துக்கொண்ட சம்பளம் தொள்ளாயிரம். அது பாவம், கேக்காது, நான்தான் கையில திணிச்சேன். போன் ஸ்டாண்டு நூத்தியெம்பது.

அவ்வளவுதானா என்று கேட்டேன். இல்ல, இன்னும் இருக்கு என்றாள்.

வேட்டி துண்டு எழுநூத்தியெம்பது. நாட்டுக்கோழி அறுநூத்தி இருவது. எலை, பூ, சூடம், வெத்தலை பாக்கு, சாமான் முந்நூத்தி நாப்பத்தஞ்சு.

எழுதிக்கொண்டே வந்தவன் நிமிர்ந்தேன். வேட்டி யாருக்கும்மா என்றேன்.

"அவுகளுக்குத்தான். பேரைச் சொல்லிக் கூப்பிட்டுட்டேன்ல. சும்மா கூப்பிட்டேன்னு நெனச்சுரக்கூடாது, வந்தவுகளுக்கு ஒரு வாய் சோறு போட்டு அனுப்புவோம்னு எலை போட்டேன்."

அதையும் கணக்குல சேக்கவாம்மா என்று கேட்டேன். சேத்துக்க, அதுவும் இதுக்கு ஆன செலவுதானே என்றாள்.

கூட்டினேன். ஒரு தடவைக்கு இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன், அம்மாவும் அந்தப் பக்கத்திலிருந்து சரி என்றாள்.

மூவாயிரத்து ஐந்நூற்று எண்பத்தைந்து ரூபாய்.